தீராத வைரஸ் உள்ள பூனையை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து ஹவ்ளு ஓரத்தில் அமர்ந்திருந்தேன். ஒரு சகோதரர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. அழுது கண்கள் சிவந்திருந்தன.

"ஹஜ்ரத், வீட்டுப் பூனைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோமுங்க. ஏதோ வைரஸ் இருக்குதாம், தீராதாம். உக்கடம் மீன் மார்க்கெட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுருங்க, அங்க தின்னு பொழைச்சுக்கும்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. விடலாமுங்களா?"

பிள்ளை எதுவும் பேசவில்லை. அத்தாவின் கையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட வேண்டாம்" என்று அன்று சொன்னேன். "வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சுலபம். எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் அடுத்துக் கேட்டபோது எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. அதன்பின் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பகுதிகளில் நம் வீடுகள் பலவற்றில் இன்று பூனை இருக்கிறது. இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

இரண்டு ஹதீஸ்களும் ஒரே பதிலைத் தருகின்றன

பூனை பற்றி நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ் ஒன்று உண்டு. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். அவளும் அதற்கு உணவு கொடுக்கவில்லை, பூமியில் உள்ள சிறு உயிர்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அது பசியால் இறந்தது. அதனால் அவள் வேதனைக்கு ஆளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி 2365).

இதைக் கேட்ட சிலர், "அப்படியானால் அவிழ்த்து விட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது" என்று எண்ணுகிறார்கள். ஆரோக்கியமான, தானே இரை தேடத் தெரிந்த பூனைக்கு அது பொருந்தலாம். வீட்டிலேயே பிறந்து கிண்ணத்தில் சாப்பிட்டுப் பழகிய, உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பொருந்தாது. தெருவில் விடப்பட்ட அத்தகைய பூனை நாய்க்கடியாலோ பசியாலோ சில வாரங்களிலேயே இறந்துபோகலாம்.

இரண்டாவது ஹதீஸ், நோயுற்ற ஒட்டகங்களின் உரிமையாளர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்லக் கூடாது என்ற கட்டளை (புகாரி 5771). மீன் மார்க்கெட்டைச் சுற்றி எத்தனையோ தெருப் பூனைகள் வாழ்கின்றன. தொற்றும் வைரஸ் உள்ள பூனையை அங்கே விடுவது இந்தக் கட்டளைக்கு நேர் எதிரான செயல். நம் வீட்டு நோயை அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஆக, இத்தகைய பூனையை வெளியே விடவும் கூடாது, உள்ளே வைத்துக் கவனிக்காமல் விடவும் கூடாது. அடைத்து வைக்கும் கையே அதற்கு உணவும் தண்ணீரும் தர வேண்டும். இந்தக் கட்டுரையில் பின்வருபவை எல்லாம் இந்த ஒரு கடமையின் விளக்கம்தான்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

எந்த வைரஸ் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"வைரஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றின் போக்கும் வேறு, கவனிப்பும் வேறு.

1. பூனை லுகேமியா வைரஸ் (எஃப்.இ.எல்.வி.): ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் என்ற கால்நடை மருத்துவ அறிஞரின் குழு 1964இல் கண்டறிந்தது. எச்சில் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்குவது, ஒரே கிண்ணத்தில் தின்பது, தாயிடமிருந்து குட்டிக்குச் செல்வது ஆகியவை முக்கிய வழிகள். குட்டிகளுக்கு ஆபத்து மிக அதிகம். ரத்தசோகை, புற்றுநோய், அடிக்கடி தொற்று ஆகியவற்றை உண்டாக்கும். இது கடுமையானது. வைரஸ் உடலில் பெருகிக்கொண்டே இருக்கும் பூனைகளில் பல சில ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன. சில பூனைகளின் உடல் வைரஸை அடக்கிவிடுவதும் உண்டு.

2. பூனை எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ் (எஃப்.ஐ.வி.): "பூனை எய்ட்ஸ்" என்று சிலர் சொல்வது இதைத்தான். 1986இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெட்டலூமா என்ற ஊரில் ஒரு பெண் பராமரித்துவந்த தெருப் பூனைகளிடம் விசித்திரமான நோய் பரவியது. நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் அதை ஆராய்ந்து இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகத்தான் பரவும். சண்டை போடும் ஆண் பூனைகளிடம் அதிகம் காணப்படுகிறது. நன்றாகக் கவனித்தால் இந்த வைரஸ் உள்ள பூனை, மற்றப் பூனைகள் வாழும் வயது வரை வாழக்கூடும்.

3. பூனை ஹெர்பிஸ் வைரஸ்: சளி, தும்மல், கண்ணில் நீர் வடிதல், கண் புண். ஒருமுறை வந்தால் நரம்புக்குள் உறங்கிக் கிடக்கும். பூனை பயந்தாலோ பலவீனமானாலோ மீண்டும் எழும். கலிசி வைரஸும் இதோடு சேர்ந்து வந்து வாயில் புண் உண்டாக்கும்.

4. எஃப்.ஐ.பி.: பல பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ் மிகச் சில பூனைகளின் உடலில் உருமாறி உண்டாக்கும் நோய். வயிற்றில் நீர் கோர்க்கும், அல்லது விடாத காய்ச்சலும் மெலிவும் இருக்கும். முன்பு இந்த நோய் வந்தால் மரணம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2019இல் பெடர்சன் குழு, ஜி.எஸ்.441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. குறைந்தது 12 வாரச் சிகிச்சை. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. மனிதரின் கோவிட் நோய்க்குக் கொடுத்த ரெம்டெசிவிர் ஊசியும் இதே குடும்பத்து மருந்துதான். எனவே எஃப்.ஐ.பி. என்று மருத்துவர் சொன்னால், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று திரும்பிவிடாதீர்கள். சிகிச்சை கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று அன்றே கேளுங்கள். இதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மேலே சொன்ன வைரஸ்கள் மனிதருக்குத் தொற்றி நோய் உண்டாக்குவதில்லை. பூனை எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மனிதரின் எச்.ஐ.வி. வேறு வைரஸ். எஃப்.ஐ.பி.யின் கொரோனாவும் நமக்கு வந்த கோவிட் அல்ல.

ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனையின் உடலில் படர்தாமரை, குடல் புழு, டாக்ஸோபிளாஸ்மா போன்ற வேறு கிருமிகள் எளிதாகக் குடியேறும். அவற்றில் சில மனிதருக்கும் வரக்கூடியவை. கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம், வேறொருவர் அந்த வேலையைச் செய்யட்டும். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது ரேபிஸுக்கான எச்சரிக்கை.

ஒரு பரிசோதனையோடு முடிவெடுக்காதீர்கள்

சில துளி ரத்தத்தில் எஃப்.இ.எல்.வி., எஃப்.ஐ.வி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ரேபிட் கிட் கிளினிக்குகளில் உண்டு. அதைப் படிப்பதில் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன.

எஃப்.ஐ.வி. சோதனை வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளைக் காட்டுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தாயின் பாலிலிருந்து அது வந்திருக்கலாம். எனவே குட்டிக்கு "பாசிட்டிவ்" என்று வந்தால் ஆறு மாதம் கடந்த பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

எஃப்.இ.எல்.வி. "பாசிட்டிவ்" என்று வந்தாலும் மறு பரிசோதனை அவசியம். தொற்று ஏற்பட்ட சில நாட்களில் சோதித்தால் "நெகட்டிவ்" என்று தவறாகவும் வரலாம். புதிதாக வீட்டுக்கு வந்த பூனையை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து, பிறகு மறுபடி சோதித்து, அதன்பின் மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது. எஃப்.ஐ.வி. சந்தேகம் இருந்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

நம் ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளை "மாட்டாஸ்பத்திரி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே பூனையையும் பார்ப்பார்கள். சிக்கலான நோய் என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. எங்கே போனாலும் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வைரஸ் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் இருக்கும் எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

வீட்டுக்குள் வைத்திருப்பது என்றால்

வைரஸ் உள்ள பூனை வெளியே போகக் கூடாது. வெளியே போனால் மற்றப் பூனைகளுக்குக் கொடுக்கும், தானும் புதிய கிருமிகளை வாங்கி வரும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். மாடி வீடு என்றால் பால்கனிக்கும் வலை வேண்டும்.

அடைத்து வைத்தபின் நம் பங்கு தொடங்குகிறது. தெருவைப் பார்க்கும் ஜன்னலோரம் உட்கார ஓர் இடம், ஏறி விளையாட ஒரு பழைய அலமாரி, பிறாண்டுவதற்குச் சணல் சாக்கு சுற்றிய ஒரு கட்டை, தினமும் கால் மணி நேரம் அதனோடு விளையாட ஒரு பிள்ளை. இவை ஆடம்பரம் அல்ல. பயமும் சலிப்பும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஹெர்பிஸ் உள்ள பூனைக்குப் பெருநாள் விருந்தினர் கூட்டமோ தீபாவளி வெடிச் சத்தமோ போதும், அடுத்த வாரமே தும்மலும் கண்ணீரும் திரும்பிவிடும். அந்த நாட்களில் அமைதியான ஓர் அறையில் வையுங்கள்.

வியாழன் இரவு சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம். சளித் தொல்லை உள்ள பூனை இருந்தால் அது இருக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகை வேண்டாம்.

தரையைப் பினாயில் ஊற்றித் துடைக்காதீர்கள். அதில் உள்ள பொருளைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. அது நடந்த பாதத்தை நக்கும்போது விஷம் உள்ளே போகும். லுகேமியா வைரஸ் வெளியில் நீண்ட நேரம் உயிரோடு இருக்காது, சோப்புத் தண்ணீரே அதைக் கொன்றுவிடும்.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால்

லுகேமியா வைரஸ் என்றால் தனி அறை, தனிக் கிண்ணம், தனி மணல் பெட்டி. ஆரோக்கியமான பூனையைக் கவனித்த பிறகு இதனிடம் போங்கள், திரும்பும்போது கை கழுவுங்கள்.

எஃப்.ஐ.வி. என்றால் இவ்வளவு கடுமை தேவையில்லை. சண்டை போடாமல் பழகிய பூனைகள் ஒரே வீட்டில் இருக்கலாம், அப்போது பரவும் வாய்ப்பு குறைவு. சண்டை போடும் என்றால் பிரித்து வையுங்கள். இந்த வீட்டுக்குப் புதிய பூனையை மேலும் கொண்டுவராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

உணவு

பூனை மாமிசம் தின்னும் பிராணி. தயிர்ச் சோறும் பால் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் டாரின் என்ற சத்துக் குறைந்து கண்ணும் இதயமும் கெடும். நாய் உணவிலும் அது போதுமான அளவில் இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு ஆகும்.

முழுமையான பூனை உணவு அடிப்படையாக இருக்கட்டும். அதனோடு உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முள் நீக்கிய மீனோ கொடுக்கலாம். பிரியாணிக் கறியைக் கழுவிப் போட்டாலும் அதில் ஊறிய வெங்காயச் சாறு போகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். லுகேமியா வைரஸால் ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பூனைக்கு அது பெரும் கேடு.

பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம். குர்பானி நாளில் கொடல், சவ்வு என்று பூனை முன் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வைரஸ் உள்ள பூனைக்கு அதை நன்றாக வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். பச்சை முட்டை, காய்ச்சாத பால் ஆகியவையும் ஆகாது.

கோடையில் இரண்டு மூன்று இடங்களில் மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். வாய்ப்புண் உள்ள பூனைக்கு உணவை மசித்து, லேசாக வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசனை பிடித்துத் தின்னும்.

"எதிர்ப்புச் சக்தி மருந்து" என்ற பெயரில்

எதிர்ப்புச் சக்தி என்பது ஒரு பாட்டிலில் அடைத்து விற்கும் பொருள் அல்ல. இந்த வைரஸ் உள்ள பூனையின் எதிர்ப்புச் சக்திக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அதன் வேலையைக் குறைப்பதுதான். குடல் புழு நீக்குதல், தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் ஒழித்தல், வாய்ப்புண்ணுக்கும் பல்லுக்கும் சிகிச்சை, நல்ல உணவு, பயமில்லாத வீடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர். இவற்றில் செலவழித்த பணம் வீண் போகாது.

லைசின் பொடி ஹெர்பிஸுக்கு நல்லது என்று முன்பு பரவலாகக் கொடுத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அது பயனளிப்பதாகக் காட்டவில்லை. எஃப்.ஐ.வி.க்குச் சில சமயம் மனிதருக்கான எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடினைக் கொடுப்பதுண்டு. அது ரத்தசோகையை உண்டாக்கக்கூடியது. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

கருஞ்சீரகம், தேன் ஆகியவற்றின் சிறப்பை நாம் நம்புகிறோம். ஆனால் அவற்றைப் பூனைக்குக் கொடுத்தால் இந்த வைரஸ் நீங்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. மனிதருக்குச் சொன்னதை அளவு தெரியாமல் நான்கு கிலோ எடையுள்ள பிராணியின் தொண்டையில் ஊற்றுவது சுன்னத்தைப் பின்பற்றுவது ஆகாது. துஆ செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள்.

பின்வருபவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள், தடவாதீர்கள்:

- பாராசிட்டமால் (டோலோ, குரோசின் போன்றவை). பாதி மாத்திரையும் பூனையைக் கொல்லக்கூடும்.
- நீலகிரித் தைலம், கற்பூரம், வலி பாம் வகைகள். சளிக்கு நம் நெஞ்சில் தேய்ப்பதைப் பூனைக்குத் தேய்க்கக் கூடாது.
- நாய்க்கான உண்ணி மருந்து. பெர்மெத்ரின் உள்ளவை பூனைக்கு வலிப்பு உண்டாக்கும்.
- மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள், மருத்துவர் சொல்லாதவரை.

வீட்டில் எழுதி வைக்க ஒரு நோட்டு

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பூனையின் எடையைக் குறித்து வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்தால் போதும். நான்கு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து என்றால் ஃபஜ்ருக்குப் பின், மஃரிபுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இடைவெளி வரும், மறக்கவும் மாட்டீர்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாமை
- வாயைத் திறந்து மூச்சு வாங்குதல்
- ஈறு வெளுத்தல் அல்லது மஞ்சளாதல்
- ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை
- வலிப்பு, தள்ளாட்டம், வயிறு உப்புதல்
- உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் (இயல்பு ஏறக்குறைய 100.5 முதல் 102.5 வரை)

தடுப்பூசியும் கருத்தடையும்

நம் ஊர்களில் வழக்கமாகப் போடும் பூனைத் தடுப்பூசி பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்றுக்கானது. "ஊசி போட்டிருக்கிறோமே, எப்படி லுகேமியா வந்தது" என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஊசியில் லுகேமியா வைரஸுக்கான மருந்து இல்லை. ஏற்கெனவே வைரஸ் உள்ள பூனைக்கு எந்த ஊசி, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ரேபிஸ் ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கருத்தடை செய்த ஆண் பூனை அலைவதும் சண்டையிடுவதும் குறையும், அதனால் எஃப்.ஐ.வி. பரவுவதும் குறையும். இதன் மார்க்கச் சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பயன் இருந்தால் பிராணிகளுக்கு விதைநீக்கம் செய்யலாம் என்று ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. ஷாஃபிஈ நூல்களில் உண்ணப்படாத பிராணிகள் விஷயத்தில் தடை கூறப்பட்டுள்ளது. நோய்ப் பரவல் போன்ற தேவையைக் கருதி இன்றைய ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சில், உடை, தொழுகை

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் மகள் கப்ஷா, தம் மாமனார் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அவர் பாத்திரத்தைச் சாய்த்து அதைக் குடிக்கவிட்டார். பூனை அசுத்தமானது அல்ல, அது உங்களைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அப்போது எடுத்துச் சொன்னார் (அபூதாவூத் 75). ஷாஃபிஈ மத்ஹபில் பூனை வாய்வைத்த தண்ணீர் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது விரும்பத்தக்கதல்ல, ஆனால் அசுத்தம் அல்ல. வைரஸ் இருப்பதால் இந்தச் சட்டம் மாறாது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வாய்ப்புண்ணிலிருந்து ரத்தம் கசியும் பூனை வாளித் தண்ணீரில் வாய் வைத்தால், ரத்தம் கலந்ததால் அந்தத் தண்ணீர் நஜீஸ் ஆகும். அதன் சிறுநீர், மலம், வாந்தி, சீழ் ஆகியவை பட்ட துணியைக் கழுவ வேண்டும். உளூத் தண்ணீரை மூடி வைப்பதும், தொழும் விரிப்பைத் தனியே வைப்பதும் போதும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பெர்சியன் குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். பூனையின் விலையைத் தடுக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் உண்டு. பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் வேறு விளக்கம் தந்து விற்பனையை அனுமதிக்கிறார்கள். ஆனால் குறையை மறைத்து விற்பது எந்தக் கருத்துப்படியும் ஹராம். தாய்ப் பூனைக்கு வைரஸ் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் குட்டியைக் கொடுப்பவர் மோசடி செய்கிறார். வாங்குபவர், தாய்க்கும் குட்டிக்கும் பரிசோதனை செய்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தெருக் குட்டியை எடுத்து வளர்ப்பவரும் முதல் வாரமே பரிசோதித்துவிடுவது நல்லது.

செலவுக்கு வழியில்லாத குடும்பம்

தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் தைத்தும் குடும்பம் நடத்துபவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதை அறிவேன். அடைத்து வளர்க்கும் பிராணிக்கு உணவும் தண்ணீரும் தருவது உரிமையாளர் மீது கடமை. கடன் வாங்கி, பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுத்து, விலை உயர்ந்த சிகிச்சை செய்ய மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை என்பதே என் புரிதல். இயன்றதைச் செய்யுங்கள். பூச்சி மருந்து, வேகவைத்த உணவு, சுத்தமான தண்ணீர், நிழலான அறை, பிரித்து வைத்தல் ஆகியவை பெரும்பாலான வீடுகளுக்கு இயலும். அதுவும் முடியவில்லை என்றால், நோயை மறைக்காமல் சொல்லி, வைத்துப் பராமரிக்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். சாக்கில் கட்டித் தெருவில் விடுவது மட்டும் வேண்டாம்.

கடைசி நாட்கள்

நல்ல கவனிப்பு இருந்தும் சில பூனைகள் மெலிந்து இறக்கும். அந்த நேரத்தில் வலியைக் குறைக்கும் மருந்து, மெத்தென்ற விரிப்பு, அருகில் ஒரு மனிதர் வேண்டும். தாங்க முடியாத வேதனையில் துடிக்கும் பிராணிக்கு ஊசி போட்டு முடிவு தரலாமா என்பதில் இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவர் எழுதித் தந்ததை உங்கள் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும், "பூனைதானே" என்று சொல்லாதீர்கள்.

அன்று வந்த பிள்ளையின் பூனைக்கு இருந்தது எஃப்.ஐ.வி. பின்கட்டு அறையின் ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். எடை எழுதும் நோட்டு அவள் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் பள்ளிவாசல் வாசலில் அவள் அத்தாவைப் பார்த்தேன். "நல்லா இருக்குதுங்க ஹஜ்ரத், முன்னூறு கிராம் ஏறியிருக்குதாம்" என்றார்.

உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் நன்மையில் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நம் பொறுப்பில் விடப்பட்ட வாயில்லா உயிர்களின் விஷயத்தில் அல்லாஹ் நம்மை அமானிதம் பேணுபவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.